பாக்தாத்துக்கு ஒரே வழி: தடைக்காலத்தில் அம்மான் பாலைவனச் சாலை

ஜோர்டானின் தலைநகர் அம்மானையும் இராக்கின் தலைநகர் பாக்தாத்தையும் இணைக்கும் பாலைவனச் சாலை ஏறத்தாழ 900 கி.மீ. நீளமுள்ளது. இராக்கின் மீது ஐ.நா. விதித்த பொருளாதாரத் தடை 1990 ஆகஸ்டு முதல் 2003 மே வரை நீடித்தது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில், வெளியுலகிலிருந்து பாக்தாத்துக்குப் போக விரும்பிய சாதாரணப் பயணிக்கு இந்தச் சாலையை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. தூதர்கள், மருத்துவர்கள், செய்தியாளர்கள், வணிகர்கள், புனிதப் பயணிகள், உறவினரைப் பார்க்க ஊர் திரும்பிய இராக்கியர் எல்லோரும் இதன் வழியாகவே போய் வந்தார்கள்.

தடை உத்தரவுகள் எவையும் மனிதர்கள் இராக்குக்குள் நுழைவதை நேரடியாகத் தடுக்கவில்லை. ஆனால் ஒரு பயணத்தைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகளான விமானம், வங்கி, காப்பீடு, தூதரகம், தொலைபேசி, மருந்து ஆகியவற்றை அவை ஒவ்வொன்றாக அகற்றிவிட்டன. அகன்றவற்றின் இடத்தை ஓட்டுநரின் அனுபவமும், பயணி கையோடு கொண்டுபோன பணமும் பொருளும், முன்யோசனையும் நிரப்ப வேண்டியிருந்தது. தடைக்காலத்துப் பயணப் பாதுகாப்பின் வரலாறு என்பது இந்த மாற்று ஏற்பாடுகளின் வரலாறுதான்.

கார்கள் கண்ட வழி

முதல் உலகப் போர் முடியும்வரை சிரியப் பாலைவனத்தைக் கடப்பது ஒட்டகக் கூட்டங்களின் வேலையாக இருந்தது. டமாஸ்கஸிலிருந்து பாக்தாத் போய்ச் சேரச் சரக்கு ஒட்டகங்களுக்கு வாரக்கணக்கில் ஆனது. 1921இல் பிரிட்டிஷ் விமானப்படை கெய்ரோவுக்கும் பாக்தாத்துக்கும் இடையே விமான அஞ்சலைத் தொடங்கியது. பாலையில் விமானிகள் திசை தவறாமல் இருக்க, தரையில் நெடுந்தூரத்துக்கு உழுசால் போட்டு வழி காட்டினார்கள். மேற்கு இராக்கின் வெறுமையான நிலத்தில் மனிதர் வரைந்த முதல் நவீன வழிக்குறிகளில் அதுவும் ஒன்று.

தரைவழியைத் திறந்தவர்கள் நார்மன் நைரன், ஜெரால்டு நைரன் என்ற நியூசிலாந்துச் சகோதரர்கள். போருக்குப் பின் பெய்ரூட்டில் கார் வணிகம் செய்துவந்த இவர்கள், 1923இல் டமாஸ்கஸிலிருந்து பாக்தாத் வரை காரோட்டிப் பார்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அஞ்சலும் பயணிகளும் செல்லும் முறையான சேவை தொடங்கியது. பாலையைக் காரில் கடந்து வணிகம் செய்த முகம்மது இப்னு பஸ்ஸாம் என்ற டமாஸ்கஸ் வணிகரின் அனுபவம் அவர்களுக்குத் துணையாக இருந்தது. வாரக்கணக்கில் ஆன பயணம் ஓரிரு நாள்களுக்குள் அடங்கியது. எழுத்தாளர் அகதா கிறிஸ்டி 1928இல் பாக்தாத்துக்கு முதன்முறை சென்றது நைரன் சகோதரர்களின் நிறுவனப் பேருந்தில்தான்.

பாலைவனப் பயணத்தின் பாதுகாப்பு விதிகள் அப்போதே உருவாகிவிட்டன. வண்டிகள் தனியே போகாமல் அணியாகச் செல்ல வேண்டும். குடிநீர், எரிபொருள், மாற்றுச் சக்கரம் ஆகியவை தேவைக்கு மேல் இருக்க வேண்டும். வழியிலுள்ள குடியினரின் நல்லெண்ணத்தைப் பணம் கொடுத்தாவது பெற்றிருக்க வேண்டும். இடைவழியில் ருத்பா கிணறுகளின் அருகே 1920களின் பிற்பகுதியில் எழுந்த கோட்டை, காவல் நிலையமாகவும் உணவு விடுதியாகவும் தங்குமிடமாகவும் விளங்கியது. 1925இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகச் சிரியாவில் கிளர்ச்சி வெடித்து டமாஸ்கஸ் வழி ஆபத்தானபோது, வண்டிகள் அம்மான் பக்கமாகத் திருப்பிவிடப்பட்டன. ஒரு வழி அடைபட்டால் அம்மான் வழி உயிர்பெறும் நிகழ்வு அந்த நூற்றாண்டில் பலமுறை திரும்ப வந்தது.

எண்ணெய்க் குழாயும் நெடுஞ்சாலையும்

கிர்குக் எண்ணெய் வயலிலிருந்து மத்தியதரைக் கடலோரத்து ஹைஃபா துறைமுகத்துக்கு 1930களில் குழாய் பதிக்கப்பட்டது. அதன் வழிநெடுக அமைந்த நீரேற்று நிலையங்கள் போன்ற எண்ணெய் உந்து நிலையங்களுக்கு ஹெச்-1, ஹெச்-2 என்று எண் வரிசையில் பெயரிட்டார்கள். ஜோர்டான் எல்லைக்குள் இருந்த ஹெச்-4 இன்றைய ருவைஷித், ஹெச்-5 இன்றைய சஃபாவி. 1948இல் அரபு–இஸ்ரேல் போர் மூண்டபோது ஹைஃபாவுக்கு எண்ணெய் செல்வது நின்றது. குழாய் வறண்ட பிறகும் நிலையங்களைச் சுற்றி எழுந்த ஊர்களும் அவற்றை இணைத்த சாலையும் நிலைத்தன.

1980இல் தொடங்கிய ஈரான்–இராக் போர் சாலையின் தகுதியை உயர்த்தியது. பாஸ்ரா துறைமுகம் போரால் முடங்கியது. ஈரானுக்கு ஆதரவாக நின்ற சிரியா 1982இல் இராக்குடனான எல்லையை மூடியது. அதன்பின் செங்கடலோரத்தில் உள்ள ஜோர்டானின் அகாபாவே இராக்கின் துறைமுகமாகச் செயல்பட்டது. இரு நாடுகளும் கூட்டாகத் தரைவழிப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றை 1980இல் அமைத்தன. தெற்கே பாரசீக வளைகுடாக் கரையிலிருந்து பாக்தாத், ரமாதி வழியாக ஜோர்டான் எல்லைவரை செல்லும் அகன்ற விரைவுச்சாலையை இராக் கட்டியது. பக்கத்துக்கு மூன்று வழித்தடங்களுடன், ஊர்களுக்குள் நுழையாமல் செல்லும் சாலை அது. ஜோர்டான் பக்கத்திலோ சாலை குறுகலாகவே இருந்தது. இந்த வேறுபாடு பின்னாளில் பல உயிர்களைப் பறித்தது.

மூன்று தீர்மானங்கள்

1990 ஆகஸ்டு 2 அன்று இராக் குவைத்தை ஆக்கிரமித்தது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்டு 6 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை 661ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. இராக்குடனும் ஆக்கிரமிக்கப்பட்ட குவைத்துடனும் நடக்கும் எல்லா ஏற்றுமதி இறக்குமதியையும் பணப் பரிமாற்றத்தையும் அது தடைசெய்தது. மருந்துக்கும், மனிதநேய நெருக்கடி என்று ஏற்கப்படும் நிலையில் உணவுக்கும் விலக்கு இருந்தது. விலக்குகளை ஆராயப் பாதுகாப்பு அவையின் உறுப்பு நாடுகளைக் கொண்ட ‘661 குழு’ உருவானது. ஆகஸ்டு 25இன் 665ஆம் தீர்மானம் கடலில் கப்பல்களை நிறுத்திச் சோதிக்க வழிசெய்தது. செப்டம்பர் 25இன் 670ஆம் தீர்மானம் தடையை வான்வழிக்கும் விரித்தது.

இவற்றின் விளைவு பயணிக்கு உடனே புலப்பட்டது. பாக்தாத்துக்கு வந்துபோன வெளிநாட்டு விமானங்கள் நின்றன. 1991 ஜனவரியில் போர் தொடங்கிய காலத்தில் இராக்கி ஏர்வேஸ் தன் விமானங்கள் பலவற்றை ஜோர்டான், துனிசியா, ஈரான் ஆகிய நாடுகளுக்கு அனுப்பிவிட்டது. அவை அங்கேயே நின்று துருப்பிடித்தன. குவைத், சவூதி எல்லைகள் போரால் அடைபட்டன. சிரிய எல்லை 1997 வரை திறக்கவில்லை. ஈரான் எல்லை எட்டாண்டுப் போரின் பகையில் மூடிக் கிடந்தது. துருக்கி எல்லை 1991க்குப் பின் குர்து அமைப்புகளின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குத்தான் இட்டுச் சென்றது. எஞ்சியது அம்மான் சாலை.

1990: வெளியேறியோரின் சாலை

தடைக்காலத்தில் இந்தச் சாலையை முதலில் நிரப்பியவர்கள் உள்ளே போனவர்கள் அல்லர், வெளியேறியவர்கள். குவைத்திலும் இராக்கிலும் வேலைபார்த்த எகிப்தியர், இந்தியர், இலங்கையர், வங்கதேசத்தினர், பிலிப்பினோக்கள் எனப் பல லட்சம் பேர் ஒரே நேரத்தில் மேற்கு நோக்கி நகர்ந்தார்கள். குவைத்திலிருந்து பாஸ்ரா, பாக்தாத் வழியாகப் பேருந்திலும் லாரியிலும் எல்லைக்கு வந்த இவர்களிடம் பணம் இல்லை; குவைத் தினார் மதிப்பிழந்துவிட்டது. சேமிப்பு இருந்த வங்கிகள் மூடப்பட்டுவிட்டன. பலரின் கடவுச்சீட்டுகள் முதலாளிகளிடம் சிக்கியிருந்தன. வீட்டுவேலைக்குப் போன இலங்கைப் பெண்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது.

இரு எல்லைச் சாவடிகளுக்கும் நடுவிலுள்ள யாருக்கும் உரிமையில்லாத நிலத்தில், ஷாலான் என்ற பெயரில் கூடார முகாம்கள் எழுந்தன. ஆகஸ்டு மாதப் பாலை வெயிலில், நிழலும் போதிய குடிநீரும் இல்லாமல் ஆயிரமாயிரம் பேர் நாள்கணக்கில் காத்திருந்தார்கள். ஜோர்டான் அரசும் செம்பிறைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் பின்னர் அஸ்ரக் முதலிய இடங்களில் நல்ல முகாம்களை அமைத்து நெருக்கடியைத் தணித்தன.

இந்திய வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் ஆகஸ்டில் பாக்தாத் சென்று இராக் அதிபர் சதாம் உசேனைச் சந்தித்தார். அதன்பின் இந்தியர்கள் வெளியேற வழி பிறந்தது. அம்மானிலிருந்து பம்பாய்க்கு ஏர் இந்தியா இரண்டு மாத காலம் விமானங்களை இடைவிடாமல் இயக்கி 1,11,000க்கும் மேற்பட்டோரை அழைத்து வந்தது. குடிமக்களை மீட்கப் பயணிகள் விமான நிறுவனம் ஒன்று நடத்திய மிகப் பெரிய முயற்சியாக இது கருதப்படுகிறது. மீட்கப்பட்டவர்களில் கேரளத்தவரும் தமிழரும் கணிசமாக இருந்தார்கள். குவைத்தில் எஞ்சிய இந்தியருக்கு உணவு ஏற்றிச் செல்ல ‘விஸ்வ சித்தி’ என்ற இந்தியக் கப்பலுக்கு 661 குழுவின் ஒப்புதல் தேவைப்பட்டது. பசித்தவருக்கு அரிசி கொண்டுபோகவும் நியூயார்க்கில் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது அப்போது முதன்முதலாகத் தெளிவானது.

1991 ஜனவரி, பிப்ரவரியில் அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள் இந்தச் சாலையையும் அதன் பாலங்களையும் குண்டுவீசித் தாக்கின. ஜோர்டானுக்கு எண்ணெய் ஏற்றிவந்த டேங்கர் லாரிகளும் அந்தத் தாக்குதல்களில் சிக்கின. ஜோர்டானிய ஓட்டுநர்கள் பலர் உயிரிழந்தார்கள்.

பயணத்துக்கு ஆயத்தம்

போருக்குப் பின் தடை நீடித்தபோது, அம்மான் பயண ஏற்பாடுகளின் களமாக மாறியது. முதல் தேவை விசா. அம்மானிலுள்ள இராக் தூதரகத்தில் விண்ணப்பித்தாலும் ஒப்புதல் பாக்தாத்திலிருந்து வரவேண்டும். செய்தியாளர்கள் தகவல் அமைச்சகத்தின் பதிலுக்காக அம்மான் விடுதிகளில் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கடவுச்சீட்டில் இஸ்ரேல் முத்திரை இருந்தால் நுழைவு இல்லை. 1994இல் ஜோர்டான் இஸ்ரேலுடன் அமைதி ஒப்பந்தம் செய்து எல்லைகளைத் திறந்த பின், அந்த எல்லைகளில் ஜோர்டான் இடும் முத்திரையே பயணியின் முந்தைய பயணத்தைக் காட்டிக்கொடுக்கும் நிலை வந்தது. அனுபவமுள்ளவர்கள் இதற்கெனத் தனிக் கடவுச்சீட்டு வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, பணம். அன்றைய இராக்கில் கடன் அட்டையோ பயணக் காசோலையோ செல்லுபடியாகவில்லை. வெளியிலிருந்து வங்கி வழியே பணம் வரவழைக்கவும் முடியாது. தங்கும் நாள்களுக்கும் எதிர்பாராத செலவுக்கும் வேண்டிய தொகை முழுவதையும் டாலர் நோட்டுகளாகக் கையோடு கொண்டுபோக வேண்டும். போருக்கு முன் அரசு மதிப்பில் ஒரு தினார் மூன்று டாலருக்கும் மேல் இருந்தது. 1990களின் நடுவில் சந்தையில் ஒரு டாலருக்கு 2,000, 3,000 தினார் என்ற அளவுக்கு வீழ்ந்தது. புழக்கத்திலிருந்த பெரிய நோட்டு 250 தினார்தான். நூறு டாலரை மாற்றினால் எண்ணூறு நோட்டுகள்போலக் கைக்கு வரும். மாத ஊதியத்தில் வாழ்ந்த இராக்கியருக்கு இதே சரிவு வாழ்நாள் சேமிப்பைக் கரைத்த பேரிடி. ஆசிரியரின் மாத ஊதியம் சில டாலர் மதிப்புக்குச் சுருங்கியது.

மூன்றாவது, உடல்நலம். 1991 போரில் மின் நிலையங்கள் சிதைந்ததாலும், உதிரிப் பாகங்களும் குளோரினும் போதாமல் போனதாலும் குடிநீர் மாசடைந்தது. வயிற்றுப்போக்கும் டைஃபாய்டும் பரவின. மருத்துவமனைகளில் திறமையான மருத்துவர்கள் இருந்தும் மருந்து இல்லை. பயணிகள் தம் மருந்து, ஊசி, அடைத்த குடிநீர், கைவிளக்கு அனைத்தையும் அம்மானிலேயே வாங்கிக்கொண்டார்கள். திரும்பும்போது எஞ்சிய மருந்துகளைப் பாக்தாத் மருத்துவமனைகளில் கொடுத்துவிட்டு வருவது பலருக்கு வழக்கமாயிற்று.

நான்காவது, வாகனம். அம்மான் அப்தலி நிலையத்திலிருந்து பேருந்துகளும் பகிர்வு வாடகைக் கார்களும் புறப்பட்டன. பணம் செலவழிக்கக் கூடியவர்கள் ‘ஜிஎம்சி’ என்று எல்லோரும் அழைத்த பெரிய அமெரிக்க சபர்பன் வண்டியை அமர்த்தினார்கள். இந்த வண்டிகளின் ஓட்டுநர்களே தடைக்காலப் பயணத்தின் முதுகெலும்பு. எந்த நேரம் புறப்பட்டால் எல்லையில் கூட்டம் குறைவு, எந்தச் சாவடியில் யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், எந்தப் படிவத்தில் எதை எழுத வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கடிதங்கள், மருந்துகள், குடும்பங்களுக்கான பணம் ஆகியவற்றையும் அவர்களே கொண்டுசென்றார்கள். தபாலும் வங்கியும் செயலிழந்த நாட்டுக்கு இந்த ஓட்டுநர்களின் நாணயமே மாற்றாக இருந்தது.

சாலையும் எல்லையும்

பயணம் மொத்தம் பத்து முதல் பதினைந்து மணி நேரம். ஜோர்டான் பகுதியில் அஸ்ரக், சஃபாவி, ருவைஷித் வழியாகக் கருங்கல் பாலையைக் கடக்கும் குறுகிய சாலைதான் மிக ஆபத்தானது. இராக்கின் கச்சா எண்ணெயை மலிவு விலையிலும் ஒரு பகுதியை இலவசமாகவும் பெற்றுவந்த ஜோர்டான், தன் தேவை ஏறக்குறைய முழுவதையும் டேங்கர் லாரிகளில்தான் கொண்டுவந்தது. இதற்கு 661 குழு முறையான அனுமதி தரவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டதோடு நிறுத்திக்கொண்டது. இரவும் பகலும் ஓடிய லாரிகள் சாலையைக் குழியாக்கின. கசிந்த எண்ணெய் வழுக்கியது. விளக்கில்லாத லாரி மீது இருட்டில் மோதுவதும், முந்தும்போது எதிரே வருவதில் மோதுவதும் அடிக்கடி நடந்தன.

எல்லையின் ஜோர்டான் பக்கச் சாவடி கராமா, இராக் பக்கச் சாவடி துரைபில். துரைபிலில் நடைமுறைகள் முடிய இரண்டு மணி நேரமும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். கையிலுள்ள வெளிநாட்டுப் பணம் முழுவதையும் படிவத்தில் எழுதி முத்திரை பெற வேண்டும். எழுதாத டாலர் திரும்பும்போது பறிமுதலாகும். கேமரா, கணினி, வானொலி எல்லாம் பதிவாகும். செயற்கைக்கோள் தொலைபேசிக்கு முத்திரை வைத்து, பாக்தாத்தில் அமைச்சகத்தில் மட்டுமே பிரிக்கச் சொல்வார்கள். வெளிநாட்டவருக்கு எய்ட்ஸ் இரத்தப் பரிசோதனையும் உண்டு. எல்லைச் சாவடியின் ஊசியை நம்பாதவர்கள் உறை பிரிக்காத ஊசியைத் தம்மோடு கொண்டுபோனார்கள். கட்டணத்துக்கு மேல் சிறுதொகை கொடுத்துச் சோதனையைத் தவிர்த்தவர்களும் பலர்.

துரைபிலைத் தாண்டினால் அகன்ற விரைவுச்சாலை. பாக்தாத் வரை ஏறத்தாழ 550 கி.மீ. வண்டிகள் மணிக்கு 140 கி.மீ. வேகத்தையும் தாண்டிப் பறந்தன. இங்கே ஆபத்து நெரிசலால் அன்று; வேகத்தாலும் களைப்பாலும் வந்தது. கோடையில் சூடேறிய பழைய சக்கரங்கள் வெடித்தன. தடையால் புதிய சக்கரங்கள் கிடைப்பது அரிது. இரவு முழுவதும் ஓட்டிய ஓட்டுநர் விடியற்காலையில் கண்ணயர்ந்துவிடுவார். புழுதிப் புயல் எழுந்தால் பாதை மறையும். ருத்பாவுக்கும் ரமாதிக்கும் இடையே ஏறத்தாழ 300 கி.மீ. தொலைவுக்கு மருத்துவ உதவி கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட இல்லை. ஓட்டுநரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருவதும், ருத்பா அருகே நிறுத்தித் தேநீர் குடிக்கச் செய்வதும் பயணியின் பொறுப்பாகவே கருதப்பட்டன. இராக்கில் அப்போது பெட்ரோல் தண்ணீரைவிட மலிவாக இருந்தது. ஆகவே திரும்பும் வண்டிகள் கூடுதல் தொட்டி பொருத்தி நிரப்பிவந்து ஜோர்டானில் விற்றன. பெட்ரோல் நிறைந்த அந்தத் தொட்டிகள் விபத்தின்போது தீயைப் பெருக்கின.

நகரத்துக்குள்

பாக்தாத்தில் வெளிநாட்டவர் குறிப்பிட்ட சில விடுதிகளில் தங்கி டாலரில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அல்-ரஷீத் விடுதி அவற்றுள் பெயர்பெற்றது. 1993 ஜனவரியில் அமெரிக்க ஏவுகணை ஒன்று அங்கே விழுந்து இருவர் இறந்தார்கள். அதன்பின் அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் உருவம் விடுதியின் வாயில் தரையில் பதிக்கப்பட்டது. உள்ளே போவோர் அதை மிதித்தே கடக்க வேண்டியிருந்தது. செய்தியாளரோடு அரசின் வழிகாட்டி ஒருவர் எப்போதும் உடனிருப்பார். அவர் இல்லாமல் பேசுவதும் படமெடுப்பதும் பயணிக்கு மட்டுமன்றி, பேச வந்த இராக்கியருக்கும் கேடாக முடியும். விவரமறிந்த பயணிகள் அரசியலைப் பற்றி எவரிடமும் கேட்கமாட்டார்கள். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு அரிது. பொதுமக்களுக்கான முதல் இணைய நிலையமே 2000இல்தான் திறந்தது.

இவ்வளவுக்கும் இடையே பயணிகள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கர்பலாவுக்கும் நஜஃபுக்கும் ஷியா பக்தர்கள் வந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் முகைதீன் ஆண்டவர் என்று போற்றும் அப்துல் காதிர் ஜீலானியின் அடக்கத்தலம் இருப்பதும் பாக்தாத்தில்தான். பாபிலோன், ‘ஊர்’, ஹத்ரா ஆகிய தொல்லிடங்களைக் காணச் சிறு குழுக்களும் வந்தன.

தூதரகம் இல்லாத பயணி

இராக்கில் அமெரிக்கத் தூதரகம் மூடப்பட்டு, அதன் பொறுப்புகளைப் போலந்து தூதரகம் கவனித்தது. 1995 மார்ச்சில் குவைத் எல்லையைத் தவறுதலாகத் தாண்டிய அமெரிக்கர் இருவருக்கு எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போலந்து தூதர்களின் முயற்சிக்குப் பின், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் பில் ரிச்சர்ட்சன் பாக்தாத் சென்று பேசி ஜூலையில் அவர்களை மீட்டார். சொந்த நாட்டின் கை எட்டாத இடத்தில் சிறு தவறும் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு இது சான்று.

ஆபத்து சொந்த நாட்டின் சட்டத்திலிருந்தும் வந்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டு இராக் பயணத்துக்குச் செல்லாது என்று 1991இல் அறிவிக்கப்பட்டது. செய்தியாளர் போன்ற சிலருக்கே விலக்கு. கேத்தி கெல்லி முதலியோர் 1996இல் சிகாகோவில் தொடங்கிய ‘வாய்சஸ் இன் தி வில்டர்னஸ்’ அமைப்பு, அனுமதி கேட்காமலே மருந்துகளோடு அம்மான் வழியாகக் குழு குழுவாகப் பாக்தாத் சென்றது. 12 ஆண்டுவரை சிறை நேரலாம் என்ற எச்சரிக்கையைப் பெற்றும் அவர்கள் நிறுத்தவில்லை. 2002இல் அமைப்புக்கு 20,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜார்ஜ் காலவே தலைமையில் ஒரு குழு 1999இல் லண்டனின் சிவப்பு இரட்டை அடுக்குப் பேருந்திலேயே பாக்தாத் போய்ச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு மருந்து கொண்டுபோவது குற்றமாகாது என்ற உறுதியில் இவர்கள் சட்டத்தை வெளிப்படையாக மீறினார்கள். இராக்கில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் தடையின் விளைவை எதிர்த்துப் பதவி விலகினார்கள்.

வெளியேற முடியாதவர்கள்

இந்தச் சாலையில் இராக்கியரின் பயணமே மிகக் கடினமானது. வெளிநாடு செல்ல 4 லட்சம் தினார் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அது பலரின் பல ஆண்டு ஊதியம். மருத்துவர், பொறியாளர், பேராசிரியர் முதலியோர் வெளியேறத் தடை இருந்தது. 45 வயதுக்குக் குறைந்த பெண்கள் ஆண் உறவினர் துணையின்றி எல்லையைத் தாண்ட முடியாது. வீட்டுப் பொருளையும் நூல்களையும் விற்றுக் கட்டணம் கட்டி அம்மான் சேர்ந்தவர்கள், அங்கே வேலை அனுமதியின்றி வேறு நாட்டு விசாவுக்குக் காத்திருந்தார்கள். தடையும் சொந்த அரசும் இருபுறமும் நெருக்கிய இம்மக்களோடு ஒப்பிடும்போது, வெளிநாட்டுப் பயணியின் சிரமங்கள் சிறியவை.

வான்வழி திறப்பு

ஆயுத ஆய்வுக்குழுக்கள் போன்ற ஐ.நா. பணியாளருக்கு மட்டும் பஹ்ரைனிலிருந்து ஹப்பானியா விமானதளத்துக்கு விமானம் இருந்தது. மற்றவருக்கு வான்வழி 2000 வரை இல்லை. இதற்கு விதிவிலக்காக, 1997 ஏப்ரலில் ஹஜ் பயணிகளை ஏற்றிய இராக் விமானம் ஒன்று தடையை மீறி ஜெத்தா சென்றது. 2000 ஆகஸ்டு 10 அன்று வெனிசுவேலா அதிபர் ஹியூகோ சாவேஸ் பாக்தாத் வந்தார். வளைகுடாப் போருக்குப் பின் அங்கு வந்த முதல் நாட்டுத் தலைவர் அவர். விமானத் தடையை மீறாமலிருக்க, ஈரான் எல்லைவரை வந்து தரைவழியாக உள்ளே நுழைந்து, அங்கிருந்து ஹெலிகாப்டரில் தலைநகர் சேர்ந்தார்.

அதே மாதம் பாக்தாத் விமான நிலையத்தை இராக் மீண்டும் திறந்தது. 670ஆம் தீர்மானம் சரக்கையே தடுக்கிறது; பயணிகளை மட்டும் ஏற்றிவரும் விமானத்துக்கு முன்னறிவிப்பு போதும் என்று பிரான்சும் ரஷ்யாவும் வாதிட்டன. 661 குழுவின் ஒப்புதல் கட்டாயம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் வலியுறுத்தின. செப்டம்பரில் பிரெஞ்சு விமானமும், அதைத் தொடர்ந்து முதல் அரபு நாட்டு விமானமாக ஜோர்டானிலிருந்து ஒன்றும் தரையிறங்கின. பத்தாண்டு நீடித்த தடை, தீர்மானம் மாறாமலே நடைமுறையில் தளர்ந்தது. ஆயினும் கட்டணமும் இருக்கைகளும் எட்டாத பெரும்பாலோர் பாலைவனச் சாலையிலேயே சென்றுவந்தார்கள்.

2003க்குப் பின்

2003 மார்ச்சில் அமெரிக்கப் படையெடுப்பு தொடங்கியது. மே 22 அன்று 1483ஆம் தீர்மானம் பொருளாதாரத் தடையை நீக்கியது. ஆனால் தடை நீங்கியதும் சாலை முன்னைவிடக் கொடியதாயிற்று. காவல் கலைந்ததால் ரமாதி, ஃபலூஜா பகுதிகளில் வழிப்பறி பெருகியது. ஓட்டுநர்கள் அம்மானிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, விடிந்தபின் அப்பகுதியைக் கடக்கும்படி திட்டமிட்டார்கள். நைரன் காலத்து விதியைப் போலவே வண்டிகள் மீண்டும் அணியாகச் சென்றன. 2004இல் ஃபலூஜாவில் சண்டை மூண்டபின் ஆள்கடத்தல் பரவ, வெளிநாட்டவர் இச்சாலையைக் கைவிட்டு விமானத்துக்கு மாறினார்கள். 2014இல் ஐ.எஸ். அமைப்பு மேற்கு இராக்கைப் பிடித்தது. மறு ஆண்டு எல்லைப் போக்குவரத்து நின்றது. 2017 ஆகஸ்டு 30 அன்று துரைபில் சாவடி மீண்டும் திறந்தது.

1990களிலேயே ஐ.நா. தடைகளின் தன்மையும் மாறத் தொடங்கியிருந்தது. இராக்கைப் போலவே, 1992இல் விமானத் தடைக்குள்ளான லிபியாவுக்குத் துனிசியா எல்லை வழியாகவும் மால்டாவிலிருந்து கப்பலிலும், தடைக்குள்ளான யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடுக்கு ஹங்கேரியிலிருந்து பேருந்திலும் பயணிகள் சுற்றிப் போனார்கள். ஒரு நாட்டின் மொத்த வணிகத்தையும் முடக்கும் முறை எளிய மக்களையே வாட்டுகிறது என்பதை இராக்கின் அனுபவம் உலகுக்கு ஐயமின்றிக் காட்டியது. 1990களின் நடுப்பகுதிக்குப் பின் பாதுகாப்பு அவை விதித்த புதிய தடைகள், குறிப்பிட்ட ஆட்களின் பயணத்தையும் சொத்துகளையும், ஆயுதம் போன்ற குறிப்பிட்ட பொருள்களையும் குறிவைப்பவையாக அமைந்தன. முழுத்தடை வலுவாக இருந்தபோது அதற்குள் வாழ்ந்த மக்களுக்கு மருந்தும் கடிதமும் உறவும் சென்றுசேர உதவியவர்கள் அம்மான் சாலையின் ஓட்டுநர்கள். பயணப் பாதுகாப்பின் வரலாற்றில் அவர்களுக்கு உரிய இடம் பெரிது.